எருக்காரரும் எங்கள் வீட்டு வித்தும்

செத்தால் தன்னை எரிக்கக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்று எருக்காரர் சொல்லி வைத்திருந்ததற்குக் காரணம் பக்தியும் இல்லை, குல வழக்கமும் இல்லை. சிக்கனம்தான். "எரிச்சா ஒரு மொறம் சாம்பல்தானுங்க மிச்சம். அது ஒரு கத்திரிச் செடிக்குக்கூடப் பத்தாது" என்பார். சாவைப் பற்றிப் பேசும்போதும் அவருக்குக் கத்திரிச் செடிதான் ஞாபகம் வரும்.

பெற்றோர் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்தது. பெருமாட்டிப் பக்கத்தில் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. எருக்காரர் ஊடு எது என்று கேட்டால் கைக்குழந்தைகூட ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் வழி காட்டும். நானும் ஊர் வைத்த பேரையே சொல்கிறேன். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

ஆள் நல்ல உயரம், சிரித்த முகம், ஒருவருக்கும் தீங்கு நினைக்காத மனசு. ஆனால் நின்று பேச வேண்டுமானால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே கிடக்கிறது. மார்கழி பிறந்தால் கிழக்கேயிருந்து ஒரு காற்று கிளம்பிக் கூரையைப் பிரிக்கும், வேட்டியைப் பிடுங்கும். அந்த மாதத்தில் அவருக்குக் கிழக்கே நின்றவன் பிழைத்தான். மேற்கே நின்றவன் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகுவான்.

உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு எருதான் காரணம் என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டுப் பையன் பெரியவர்களை எடுத்தெறிந்து பேசினால், "அது பச்சை எருவுங்க, இன்னும் மக்கலை. கிட்டப் போனா வேரு வெந்துபோயிரும். ரெண்டு மழை போகட்டும், சரியாயிருவான்" என்பார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் நாளெல்லாம் பேசுவார், வேலை ஒன்றும் நடக்காது. "தழை எரு சாஸ்தியாப் போச்சு. எலையா உட்டுட்டே இருப்பாரு, காய் புடிக்காது" என்று அவருக்கும் தீர்ப்பு ஆயிற்று. புருஷன் பெண்டாட்டி சண்டைக்குக்கூட அவரிடம் பரிகாரம் இருந்தது. ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள் அல்லவா? "நீங்க ஆட்டெரு, அவிய மாட்டெரு. பலன் மெதுவாத்தான் தெரியுமுங்க, அவசரப்படாதீங்க" என்று புருஷனை அனுப்பி வைப்பார். ஆச்சரியம் என்னவென்றால் பலபேர் சமாதானமாகித்தான் போனார்கள்.

ஒரு வருஷம் கோயில் பூரத்துக்கு யானை வந்தது. ஊரே யானைக்கு முன்னால் நின்று சாமியைக் கும்பிட்டது. இவர் ஒருவர்தான் பின்னால் நின்றார், தோளில் கூடையோடு. யானை போன இடமெல்லாம் கண்ணை எடுக்காமல், வெயிலென்றும் பசியென்றும் பாராமல் கூடவே நடந்தார். அந்த வாடிய முகத்தைப் பார்த்த பூசாரிக்கு நெஞ்சு உருகிவிட்டது. இப்படியொரு பக்தனைப் பார்த்ததில்லை என்று சொல்லி முதல் பிரசாதத்தை அவர் கையில் கொடுத்தார். எருக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி, ஆனைக்கு இன்னும் ரெண்டு கட்டுப் பனையோலை போடச் சொல்லுங்க" என்று வேண்டிக்கொண்டார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லோரும் பெண்ணைப் பார்க்க, இவர் கொல்லைப்பக்கம் போய் எருக்குழியைப் பார்த்தார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் குழி பார்க்கிற வழக்கத்தில்தான் என் வாழ்க்கையும் போய் மாட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால் என் வம்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அய்யன் தூங்குவார். எல்லோரும்தான் தூங்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்தபடியே தூங்குவார். மாடுகள் தாமாகவே முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கும். மாடுகள் நின்று தூங்கினால்தான் அய்யன் விழித்துக்கொள்வார். ஒரு எழவு வீட்டுக்குப் போய் மூலையில் தூங்கிவிட்டு, காரியமெல்லாம் முடிந்து ஊர் கலைந்தபிறகு எழுந்து, "எடுக்கறது எப்பங்க?" என்று கேட்டவர் அவர். அவருடைய அய்யனும் அப்படித்தானாம். எங்கள் வீட்டுக்குத் தூங்குமூஞ்சி ஊடு என்றே பேர்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் எருக்காரரின் தங்கச்சியைப் பார்த்தேன். பேர் பாவாத்தாள். பூசணிக்காயைத் தட்டித் தட்டிப் பார்த்து, விற்கிறவனிடம், "இதுக்கு உள்ள ஒண்ணுமில்லீங்க, உங்களையாட்டமே சத்தம் மட்டுந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாளும் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவன் தூங்காமல் கிடந்தால் அது பெரிய வியாதி. ஆத்தா பயந்துபோய் மந்திரிக்கிறவரைக் கூப்பிட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெண் கேட்டு ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும் முன் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். உட்கார்ந்து மோர் குடிப்பதெல்லாம் ஒப்புக்கு. கண் மட்டும் கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது, கட்டுத்தறியில் மாடு எத்தனை என்று மேய்ந்துகொண்டிருக்கும். பாவாத்தாளின் அய்யன் வந்தார். அவரைப் பெரியவர் என்று சொல்கிறேன். கூடவே மகன் எருக்காரரும் வந்தார். வந்தவர் வாசலில்கூட நிற்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டி, எங்கள் எருக்குழிக்குள் முழங்கை மறையும்வரை கையை விட்டார். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார், விரலில் தேய்த்தார். துளி எடுத்து நாக்கில் வைத்தார் என்றும் சொல்வார்கள். நான் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவர் முகத்தில் சாமி கண்டவர் போல ஒரு பிரகாசம். "அய்யா, இப்பிடி மக்குன எருவை நான் சுத்துப்பட்டுல எங்கியும் பாத்ததில்லீங்க. கருப்பட்டியாட்டம் இருக்குது. அம்மிணியைக் கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்" என்றார். அதோடு நிற்காமல் அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மாப்ள" என்றார்.

உண்மை என்னவென்றால், வருஷா வருஷம் அய்யன் எருவை நாளைக்கு அள்ளலாம் என்று சொல்லித் தூங்கிவிடுவார். அள்ளாமலேயே கிடந்து கிடந்து அது அப்படி மக்கியிருந்தது. அந்தக் குழியில் இருந்ததெல்லாம் அவருடைய சோம்பல்தான். இதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.

பெரியவர் குழியைப் பார்க்கவில்லை. சம்பந்தியாகப் போகிறவரைப் பார்த்தார். அய்யன் மரியாதையாக வெற்றிலைத் தட்டை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பெரியவர் ஒரு வெற்றிலையை எடுத்தபிறகும் தட்டு நகரவில்லை. அய்யன் தூங்கிப்போயிருந்தார்.

"எந்திரிடா போலாம்" என்றார் பெரியவர் மகனிடம். "விரை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா மொளைக்கும்?"

மகனுக்கு எரு எப்படியோ அப்படிப் பெரியவருக்கு வித்து. அடுப்புக்கு மேலே வரிசையாகச் சுரைக்குடுக்கைகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் சாம்பல் கலந்த விதை. எது யார் கொடுத்தது, எந்தத் தோட்டத்து வம்சம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்வார். அவருக்கு மனிதர்களும் குடுக்கையில் தொங்குகிறவர்கள்தான். பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையை மனசில் வைத்திருந்தார். தலைமுறை தலைமுறையாக விடியுமுன் எழுகிற வம்சம். அந்த வீட்டில் சேவலை மனிதர்கள்தான் எழுப்புவார்கள் என்று பேச்சு. பாவாத்தாள் அதைக் கேட்டுவிட்டு, "அந்த ஊட்டுக்குப் போனா நா எப்பங்கய்யா கண்ணை மூடறது?" என்று கேட்டாளாம். அதைக் கேள்விப்பட்டபோது எங்கள் வீடும் அவளும் ஒருவருக்காக ஒருவர் பிறந்தவர்கள் என்று எனக்கு நிச்சயமாயிற்று.

அப்பனும் மகனும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். வித்தா எருவா என்று ஊருக்கே கேட்டது. கடைசியில் பெரியவர் ஒரு பந்தயம் வைத்தார். அதற்கு அவர் எடுத்தது கஞ்சாச் செடி.

இன்றைக்கு இதைச் சொன்னால் சர்க்கார் ஆள் வாசலில் வந்து நிற்பான். அந்தக் காலத்தில் கொல்லையில் துளசி நிற்பது போலக் கஞ்சாவும் இரண்டு நிற்கும். மாட்டுக்கு வயிறு உப்பினாலோ கழிச்சல் கண்டாலோ அதன் பூவைக் கருப்பட்டியில் உருட்டிக் கொடுப்போம். பெரியவரிடம் இருந்தது மறையூர் மலையிலிருந்து சர்க்கரை வண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த வித்து. அதன் பூவுக்குப் பிசுக்கு அதிகம், மருந்துக்கு அதுதான் உசத்தி என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

"என்ற மறையூர் வித்துக்கு நா ஒரு பிடி எருக்கூடப் போட மாட்டேன், வெறுந்தண்ணி. நீ அந்தத் தூங்குமூஞ்சி ஊட்டு எருக்குழி ஓரத்துல தானா மொளைச்சு நிக்குதே, அந்த வித்தைப் போட்டு வளத்து. மார்கழி கடைசியில மாட்டு வைத்தியர் வந்து பாக்கட்டும். பூ எதுல நல்லா இருக்குதோ அதை வளத்தவஞ் சொன்னபடி கலியாணம்" என்றார் பெரியவர்.

"எந்த வித்தை வேணாலும் குடுங்கய்யா" என்றார் மகன். "எருவை நா பாத்துக்கறேன்."

இதில் ஒரு விஷயம் உண்டு. வருஷா வருஷம் கொழிஞ்சாம்பாறை மாட்டு வைத்தியர் ஐப்பசி வாக்கில் வருவார். கொல்லையைச் சுற்றிப் பார்த்துச் சில செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போவார். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. வைத்தியர் கைராசி என்று விட்டுவிடுவோம். இந்த வருஷம் அவர்தான் தீர்ப்புச் சொல்கிறவர். நியாயம் கெடக்கூடாது என்று, பந்தய நாள்வரை அவர் கொல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அப்பனும் மகனும் பேசி முடித்தார்கள். இரண்டு பேரும் அவ்வளவு நேர்மையானவர்கள்.

அவர்கள் வீட்டு மாட்டுக் கட்டுத்தறிக்குக் கிழக்கே எருக்காரர் பாத்தி கட்டினார். மேற்கே அடுக்களைப் பக்கம் பெரியவர் செடிகள். நடுவில் ஒரு முள்வேலி. எங்கள் வீட்டு வித்து முளைத்து வந்தபோது எருக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குட்டையாக, அடர்ந்து நின்றதையெல்லாம், "இதுக சோம்பேறிக" என்று பிடுங்கி எருக்குழியில் போட்டார். எது எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு நெடுநெடுவென்று போயிற்றோ அதை மட்டும் வைத்துக்கொண்டார்.

பிறகு தொடங்கியது பாருங்கள் விருந்து. ஆட்டுப் புழுக்கை, ஆமணக்குப் புண்ணாக்கு, குளத்து வண்டல், அடுப்புச் சாம்பல், பாழ்சத்திரத்து வௌவால் எச்சம், கோயில் யானையின் காணிக்கை. பந்தயமே என்னால் என்பதால் சுமக்கிற வேலை என் தலையில் விழுந்தது. செடிக்கு மட்டுமா எரு? எனக்கும் போட்டார். தினமும் கம்பங்கூழும் எள்ளுருண்டையும் கொண்டுவந்து, நான் விழுங்குகிறவரை எதிரில் குந்தியிருப்பார். "நீங்களும் அதுவும் ஒரே பாத்தி மாப்ள. அது வளந்தா நீங்களும் வளந்தாப்புல. தூக்கம் வருதுங்களா?" என்று கேட்பார். வருகிறது என்றால் இன்னொரு உருண்டை.

பொன்னானிக் கடற்கரையிலிருந்து அழுகிய மத்தி மீனை ஒரு வண்டி நிறைய வரவழைத்தார். தென்னைக்குப் போடுகிற அந்த எருவைக் கஞ்சாவுக்குப் போட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். வண்டி வந்து சேர்ந்த அன்றுதான் பொள்ளாச்சிக்காரர்கள் பாவாத்தாளைப் பார்க்க வந்திருந்தார்கள். ஓடிவிடுவார்கள் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பெண்ணைப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவ்வளவு உழைப்பாளிகள்.

செடி கட்டுத்தறிக் கூரையைத் தாண்டியது. தண்டு என் மணிக்கட்டுப் பருமன். இலை கருகருவென்று யானைக் காது மாதிரி ஆடியது. பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தார்கள். வேலிக்கு மேற்கே பெரியவர் செடிகள் இடுப்பளவுக்கு மேல் வரவில்லை. பெரியவர் தினமும் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போவார். நான் கல்யாணத்துக்கு வேட்டி எடுக்கிற யோசனைக்கே போய்விட்டேன்.

பாவாத்தாள் ஒருத்திதான் ஒருநாள் வேலியோரம் நின்று, "அண்ணா, மரமாட்டம் வளந்துருச்சு, சரி. பூக்குமாங்கண்ணா?" என்று கேட்டாள்.

"பூக்குமான்னா கேக்கற? கூடை வெச்சு அள்ளோணும்!" என்றார் எருக்காரர்.

கார்த்திகையில் பூத்தது. கொத்துக் கொத்தாகத் தொங்கியது. காற்றடித்தால் அதிலிருந்து மஞ்சளாக ஒரு தூள் பறக்கும். எருக்காரர் அதைக் கையில் ஏந்தி எல்லோருக்கும் காட்டினார். "பொன்னாக் கொட்டுது பாருங்க! அது அத்தனையும் மத்தி!" என்று குதித்தார். மார்கழிக் காற்று கிளம்பியதும் பொன் தூள் மேகம் மாதிரி எழுந்து வேலியைத் தாண்டிப் போயிற்று. அது போகிற அழகை நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

பந்தய நாள் வந்தது. மாட்டு வைத்தியர் தாடியைத் தடவிக்கொண்டே வந்து செடியை அண்ணாந்து பார்த்தார். ஒரு கிளையைத் தட்டினார். தாடியெல்லாம் மஞ்சளாயிற்று. தும்மினார். துடைத்துக்கொண்டு மறுபடியும் தும்மினார்.

"ஏனுங்க, இதை யாருங்க உட்டு வெச்சது? இது ஆணுங்க."

"ஆணுன்னா?" என்றார் எருக்காரர்.

"ஆண் செடிங்க. இதுல மருந்துப் பூ வராது, தூள்தான் வரும். எடுத்ததும் நெட்டையா ஓடறது ஆணுங்க. குட்டையா நிக்கறதுலதான் பொட்டை இருக்கும். வருசா வருசம் ஆணைத்தானுங்களே நா பிடுங்கிப் போடறது!"

எருக்காரர் பிடுங்கி எறிந்த சோம்பேறிச் செடிகள் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

"இன்னும் கொஞ்சம் வலுவா எருப் போட்டா..." என்று இழுத்தார் எருக்காரர்.

"எருமைக்கடாவுக்கு எத்தனை புண்ணாக்கு வெச்சாலும் கன்னு போடாதுங்க" என்றார் வைத்தியர். "சத்து போட்டா இருக்கறது பெருசாகும். இல்லாதது எங்கிருந்துங்க வரும்?"

பெரியவர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் அவரிடம் நான் கேட்டதில்லை. "நா சொன்னனா இல்லியா? வித்து! பொள்ளாச்சிக்கு ஆளனுப்பு. தையில முகூர்த்தம்" என்றார்.

அடுக்களை வாசலில் பாவாத்தாள் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு குடும்பத்தில் பிறந்தவனாக இருந்தால் அழுதிருப்பான், கிணற்றைப் பார்த்து ஓடியிருப்பான். எங்கள் வம்சத்தில் துக்கம் முற்றினால் தூக்கம் வரும். எருக்குவியலில் அப்படியே சாய்ந்தேன். அதற்குமேல் நடந்ததெல்லாம் பாவாத்தாள் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஆகியும் அதைச் சொல்லும்போதெல்லாம் கூடவே என்னையும் இரண்டு வார்த்தை சொல்லுவாள்.

ஜெயித்த செடியைக் காட்டப் பெரியவர் வைத்தியரை வேலிக்கு மேற்கே கூட்டிப் போனாராம். வைத்தியர் ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். பிசுக்கு ஒட்டவில்லை. கை நிறைய விதை உதிர்ந்தது. இன்னொன்றைக் கிள்ளினார். அதிலும் விதை.

"போச்சுங்க. பூவெல்லாம் விதையாப் போச்சு. கெழக்க ஆணை நிறுத்திட்டுக் காத்தைத் தடுக்க முடியுமுங்களா? இது மருந்துக்கு ஆகாதுங்க. ரெண்டு பேருமே தோத்தீங்க" என்றார் வைத்தியர்.

பெரியவருக்குப் பூ போனது பெரிதாகப் படவில்லை. அவர் தலையில் இடித்தது வேறு. "என்ற மறையூர் வித்துல அந்தத் தூங்குமூஞ்சி ஊட்டு வித்துக் கலந்துருச்சே!" என்று வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். எருக்காரர் தலையிலும் ஒரு மரம் விழுந்திருந்தது.

அப்போதுதான் பாவாத்தாள் வெளியே வந்தாளாம். அய்யன் முன்னால் உட்கார்ந்து, அவர் கையில் கிடந்த விதைகளைக் காட்டிக் கேட்டாள்.

"ஏனுங்கய்யா, வேண்டாம்னு தள்ளி வெச்ச வித்து வேலி தாண்டி உங்க கொல்லையில வந்து வெளைஞ்சு நிக்குது. இப்பச் சொல்லுங்க. இதைக் குப்பையில கொட்டறதுங்களா, குடுக்கையில போட்டு வெக்கறதுங்களா?"

பெரியவர் விதையைப் பார்த்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார். மறையூர் வித்து எப்போதும் பொடியாக இருக்கும். இது திரண்டு, வரி வரியாக, எண்ணெய் பூசினாற்போல மினுமினுத்தது. பொய் சொல்ல அவருக்குத் தெரியும், வித்தைப் பற்றிப் பொய் சொல்ல மட்டும் அவரால் முடியாது.

"வித்து நல்லாத்தான் இருக்குது" என்றார். விதைகளைக் கையில் பொத்திக்கொண்டு, "அந்தச் சின்னச் சுரைக்குடுக்கையை எடுத்துட்டு வா அம்மிணி" என்றார்.

யாரோ என் தோளை உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் பெரியவர் குனிந்து நிற்கிறார். "எந்திரிங்க மாப்பிள்ளை" என்றார். எழுந்தேன். முதுகெல்லாம் எரு. பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பாவாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எருக்காரர் மட்டும் ஓடிவந்து என் முதுகில் ஒட்டியிருந்ததைத் தட்டி, கீழே சிந்தாமல் கையில் பிடித்து, மறுபடி குவியலில் போட்டார்.

தையில் எங்கள் கல்யாணம் நடந்தது. தங்கச்சிக்கு அவர் கொண்டுவந்த சீர் ஒரு வண்டி எரு. வண்டிக்குத் தோரணம் கட்டியிருந்தார்.

என் மச்சானாகிவிட்ட எருக்காரர் தோல்வியை மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அந்த மத்தியாலதான் மாப்ள ஆணாப் போச்சு. ஆட்டெருவோட நிறுத்தியிருந்தா பொட்டையா வந்துருக்கும்" என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் ஒரு ஆண் செடியை ஒதுக்கி வைத்து, அதற்குப் புதிது புதிதாக எதையாவது போட்டுப் பார்ப்பார். அது ஒவ்வொரு வருஷமும் ஆணாகவே இருந்தது. அவர் ஒவ்வொரு வருஷமும் எருவின்மேலேயே பழியைப் போட்டார்.

எங்களுக்கு மகன் பிறந்தான். பேர் வைக்கிற அன்று வாசலில் மேளம். காதில் இடி விழுகிற சத்தம். குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. பக்கத்தில் என் அய்யன், அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு. பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாத்தியாடா? வித்து!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார். ஊரே சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மச்சான் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தொட்டிலின்மேல் குனிந்தார். வாசனை பட்டதும் குழந்தை மூக்கைச் சுளித்தது. தும்மியது. கண்ணைத் திறந்து அவரையே பார்த்தது. அவர் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வித்து எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டுங்கய்யா" என்றார். "எருவை நா பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். என் மகன் எங்கள் வீட்டில் இருந்ததைவிட மாமன் தோளில் இருந்ததுதான் அதிகம். அவருக்கென்று பிள்ளை இல்லாத குறையை அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் மச்சான் போய்ச் சேர்ந்தார். அவர் சொல்லி வைத்தபடியே அவர் வீட்டுக் கொல்லைக் கடைசியில், கட்டுத்தறிக்குக் கிழக்கே புதைத்தோம். குழி வெட்ட ஆள் கூப்பிடலாம் என்று நான் எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. வெளியே வந்து பார்த்தால் குழி தயாராக இருந்தது. என் மகன் விடியுமுன்னே எழுந்து தனியாக வெட்டி முடித்துவிட்டு, மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். எங்கள் வம்சத்தில் கோழி கூவும் முன் எழுந்த முதல் ஆள் அவன்தான். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கும் அழுகை வந்தது. தூக்கம் வரவில்லை.

எல்லாம் முடிந்து மண்ணைத் தள்ளியபிறகு, மேலே என்ன நடலாம் என்று மகன் கேட்டான்.

"எந்த வித்தை வேணாலும் போடு கண்ணு" என்றேன். "எருவை உன்ற மாமன் பாத்துக்குவாரு."